கெட்ட அறை இல்லாத சிப்பு

போன் அடிக்குது, எடுக்க மாட்டேங்கறானேன்னு பாக்கறீங்களாங்க சார்? எடுக்க மாட்டனுங்க. அது அடிச்சு அடிச்சு ஓஞ்சிரும். வெள்ளகோவில்ல பஸ் ஏறினதுல இருந்து இது அஞ்சாவது தடவை. உங்களுக்குத் தொந்தரவா இருந்தாச் சத்தத்தை நிறுத்திடறேன். இந்தாங்க, நிறுத்தியாச்சு. சித்த அக்கட்டால தள்ளி உக்காருங்க, வெயில் உங்க மேலதான் அடிக்குது.

கூப்பிடறது கோகிலவாணின்னு ஒரு புள்ளைங்க. எங்க கம்பெனியில சாப்ட்வேர் பாத்துட்டிருந்துச்சு. வேலையை விட்டு நிறுத்தி ஒரு வருசம் ஆகப் போகுது. இப்பப் பெருந்துறையில ஒரு கம்பெனியில வேலை கெடைக்கிற மாதிரி இருக்குதாம். அவிங்க பழைய கம்பெனியில இருந்து நல்லபடியா ஒரு லெட்டர் வாங்கிட்டு வரச் சொல்றாங்களாம். எங்க முதலாளி என்னங்கறாரு, ‘பெட்டியெல்லாம் கெட்டதுக்கு இந்தப் புள்ளதான் காரணம்னு கிட்டுசாமி எழுதிக் குடுத்த பேப்பரு பைல்ல இருக்குது, அதைக் கிட்டுசாமி திரும்ப வாங்கிக்கிட்டா நான் லெட்டர் குடுக்கறேன்’ங்கறாரு. கிட்டுசாமிங்கறது நான்தானுங்க. திங்கக்கிழமை கடைசி நாளு. இன்னைக்கு வெள்ளி. அதுக்குத்தான் இத்தனை போனு.

நான் கேக்கறேன், நீங்களே சொல்லுங்க. எழுதிக் கையெழுத்தும் போட்டுக் குடுத்ததை எப்படிங்க திரும்ப வாங்கறது? அப்பப் பொய் சொன்னேன்னு ஆகாதுங்களா? இருவது வருசமா ஒரே கம்பெனி. ஒரு நாள் லேட்டாப் போனதில்லை. என்னை எதுக்குங்க இதுல இழுக்கறாங்க?

என்ன வேலைன்னா, நீங்க பால் சொசைட்டி பாத்திருப்பீங்க. பாலை ஊத்திக் குளிர வெக்கறதுக்குப் பெரிய எவர்சில்வர் தொட்டி இருக்கும். அதுக்குப் பக்கத்துல செவுத்துல ஒரு பெட்டி மாட்டியிருக்கும். பாலு எத்தனை டிகிரியில இருக்குது, மோட்டார் எப்ப ஓடணும், எப்ப நிக்கணும், எல்லாம் அந்தப் பெட்டிதான் பாத்துக்கும். அந்தப் பெட்டிதான் நாங்க பண்றதுங்க. உள்ள ஒரு போர்டு, அதுல நகத்தளவுக்குக் கறுப்பா ஒரு பிளாஷ் சிப்பு. அதுல எழுதி வெச்சது கரண்டு போனாலும் அழியாது. அதுல எழுதற பெஞ்சு என்னோடது.

ரெண்டு சமாச்சாரம் எழுதணுங்க. முதல்ல பூட் இமேஜ். கரண்டு வந்ததும் பெட்டியைத் தட்டி எழுப்பி விடறது அது. அடுத்தது பைல் சிஸ்டம் இமேஜ். எந்திரிச்ச பெட்டி பாக்க வேண்டிய சோலியெல்லாம் அதுக்குள்ளதான் இருக்கும். பூட் இமேஜ் பத்து வருசமா நான் எழுதிட்டு வர்றது, அதுல ஒரு குத்தம் யாரும் சொன்னதில்லை. பைல் சிஸ்டம் இந்தப் புள்ள பண்றது. ரெண்டையும் சிப்புல ஏத்தி, ஏத்தினதைத் திரும்பப் படிச்சு, ஒத்துப் பாத்து, பாஸ்னு வந்தாப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பறது நானு. இதுல என்னங்க சிக்கல் வரப் போகுது? பத்து வருசம் ஒண்ணும் வரலை.

எல்லாம் போன வருசத்துக்கு முந்தின ஆடியில ஆரம்பிச்சதுங்க. அது வரைக்கும் சின்னச் சிப்பு போட்டுட்டிருந்தோம். இடம் பத்தலைன்னு அந்த ஆடியிலதான் பெரிய சிப்புக்கு மாத்தினாங்க. டப்பா பிரிக்காம வந்துச்சு. ஒண்ணை எடுத்து மிஷின்ல வெச்சுப் பாக்கறேன். உள்ள ஆயிரத்து இருவத்தி நாலு அறை. தோட்டத்துல பாத்தி கட்டினாப்பல வரிசையா இருக்கும். அதுல ஆறு அறையில என்னமோ குறி போட்டிருக்குது. கெட்டதுன்னு. இன்னொண்ணு எடுத்து வெச்சேன். அதுல எட்டு. அடுத்ததுல அஞ்சு. சிப்பை அழிக்கச் சொன்னா மிஷினு வரிசையா அழிச்சுட்டே போகுது, அந்த அறைகிட்ட வந்ததும், இதைத் தாண்டிப் போறேன்னு ஸ்கிரீன்ல எழுதிட்டுத் தாண்டிப் போயிருது.

எனக்குச் சுர்ருன்னு ஏறிருச்சுங்க. தாண்டிப் போறேங்கற பேச்சே எனக்குப் பிடிக்காது. எங்கூட்டம்மா தரையைத் தொடைக்கறப்பக் கட்டிலுக்கு அடியில விட்டாலே நான் துணியை வாங்கி நானே தொடைச்சிருவேன். இது புதுச் சிப்பு சார். புதுச் சிப்புல எதுக்குங்க குறி? நீங்க கடைக்குப் போய் எவர்சில்வர் குண்டா வாங்கறீங்க. அதுல யாரோ பேரு வெட்டியிருந்தா என்ன நினைப்பீங்க? பழசை நம்ம தலையில கட்டறான்னுதானே நினைப்பீங்க? நானும் அப்படித்தான் நினைச்சேன். சென்னையில சிப்பு விக்கறவனுக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டேன், எவன் போர்டுல இருந்து கழட்டினதுய்யா இதுன்னு. அந்தாளு, இல்லீங்க, இந்த மாதிரிச் சிப்பு எல்லாமே அப்படித்தான் வருங்கறான். மாட்டிக்கிட்டவன் வேற என்ன சொல்லுவான்?

சரி, இவனை நம்பிப் பிரயோசனமில்லைன்னு நானே மிஷினோட புத்தகத்தைத் தேடினேன். கண்டுபிடிச்சேன் பாருங்க. ஸ்கரப்னு ஒரு கட்டளை இருக்குது. சாதாரணமா அழிச்சா அந்தக் குறி போட்ட அறையை விட்டுட்டுத்தான் அழிக்கும். ஸ்கரப்னு குடுத்தாக் குறியோட சேத்து மொத்தமா வழிச்செடுத்துரும். தாண்டிப் போற பேச்சே கெடையாது. குடுத்துப் பாத்தேன். கெட்ட அறை பூஜ்யம். ஆயிரத்து இருவத்தி நாலும் நல்லது. எழுதிப் பாத்தேன், பாஸ். அடுத்தது, பாஸ். அதுக்கப்புறம் லோடு வர்ற அன்னைக்கே மொத்தச் சிப்பையும் சாக்கெட்ல மாட்டி ஸ்கரப் பண்ணி அடுக்கிருவேன். ரிப்போர்ட்ல கெட்ட அறை ஆறு, எட்டுன்னு வர வேண்டிய எடத்துல பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்னு பக்கம் பக்கமா வரும். முதலாளி அதைப் பாத்துட்டு எல்லாரு முன்னாடியும் என் தோளைத் தட்டினாருங்க. இருவது வருசத்துல தோளைத் தட்டினது அன்னைக்கு ஒரு தடவைதான்.

அது இந்தப் புள்ளைக்குப் பொறுக்கலைன்னு நான் நினைச்சேன். நினைச்சேன்னு சொல்றேன், இப்பவும் அப்படித்தான்னு சொல்லலை. ரிப்போர்ட்டைக் கையில புடிச்சுக்கிட்டு நேரா என் பெஞ்சுக்கு வந்துச்சு. சுத்தியும் போர்டு கோக்கற பொம்பளைங்க உக்காந்திருக்கறாங்க.

“அண்ணா, இது எப்படிங்ணா எல்லாத்துலயும் பூஜ்யம் வருது?”

நான் பெருமையாச் சொன்னேன், ஸ்கரப் பண்றேன் அம்மிணின்னு. அந்தப் புள்ள மூஞ்சி செத்துப்போச்சு.

“ஐயோ, அது அழுக்கு இல்லீங்ணா. சிப்பு பண்றவிங்க சூடு பண்ணி, குளிர வெச்சு, சோதிச்சுப் பாத்து, இந்த அறையை நம்பாதீங்க, இதுல எழுதாதீங்கன்னு போட்டு அனுப்பற குறி. நம்ம பைல் சிஸ்டம் அந்தக் குறியைப் பாத்துத்தான் ஒதுங்கிப் போகும். நீங்க அதை அழிச்சுட்டா எது நல்ல அறை, எது கெட்ட அறைன்னு இனி யாருக்கும் தெரியாதுங்ணா.”

“எல்லாத்துலயும் எழுதிப் படிச்சுப் பாத்தாச்சு. பாஸ் வருதே?”

“இன்னைக்குப் பாஸ் ஆகுங்ணா. நாலு மாசம் போகட்டும், வெயில் காலம் வரட்டும், அந்த அறையில எழுதினது நிக்காது.”

சிப்புக்கு என்ன அம்மிணி வெயிலு மழை, அதென்ன தக்காளிச் செடியான்னு கேட்டேன். பொம்பளைங்க எல்லாம் சிரிச்சுட்டாங்க. அந்தப் புள்ள சிரிக்கலை. சாயங்காலம் மெயில் போட்டுச்சு, மூணு பக்கம். பாதி படிச்சேன். மரியாதையாத்தான் எழுதியிருந்துச்சு. ஆனா ஆளுக்கு முன்னாடி கேட்டுட்டு அப்புறம் மெயில்ல மரியாதை எதுக்குங்க? தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேன். சத்தியமாக் கேட்டிருப்பேன் சார்.

நீங்க எதுக்குங்க தலையாட்டறீங்க? அந்தப் புள்ள சொன்னது சரிங்கறீங்களா? இருங்க, முழுசாக் கேளுங்க.

சித்திரை பொறந்துச்சுங்க. முதல்ல தாராபுரம் பக்கம் ஒரு சொசைட்டியில இருந்து போன் வந்துச்சு. பெட்டி எந்திரிக்குது, ஆனா ஒண்ணும் பண்ண மாட்டேங்குது, மோட்டார் ஓடலைன்னாங்க. நான் போய்ச் சேர்றதுக்குள்ள தொட்டியில ஆயிரத்து எரநூறு லிட்டர் பால் திரிஞ்சு போச்சு. என் கண்ணு முன்னாடிதான் தொறந்து விட்டாங்க. சாக்கடையில வெள்ளையா நொரை கட்டிட்டுப் போகுது, பால் ஊத்தின பொம்பளைங்க ரெண்டு பக்கமும் நின்னு பாத்துட்டிருக்கறாங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு. நானும் மாடு கட்டின வீட்டுல பொறந்தவன்தானே.

அந்த மாசத்துல முப்பத்தி ஒரு பெட்டி. அடுத்த மாசம் அம்பதைத் தாண்டிருச்சு. எல்லாம் ஒரே நோவு. பெட்டி எந்திரிக்கும், பைல் சிஸ்டத்தைத் தொறக்க முடியலைன்னு ஒரு வரி வரும், அப்படியே நின்னுரும். இப்ப நான் கேக்கறேன். எந்திரிக்குதுல்லீங்க? அப்பப் பூட் இமேஜ் நல்லாருக்குது. தொறக்காதது எது? பைல் சிஸ்டம். அது யாரு பண்ணினது? நான் சொல்லலைங்க, ஸ்கிரீன்லயே எழுதி வருது. முதலாளி கேட்டப்ப நான் இதைத்தான் சொன்னேன்.

அந்தப் புள்ள அதுக்கும் ஒரு பதில் வெச்சிருந்துச்சு. முதல் அறை மட்டும் கெட்டுப் போகாதுன்னு சிப்பு பண்றவிங்களே உத்தரவாதம் குடுக்கறாங்க, பூட் இமேஜ் அங்கதான் இருக்குது, அதனாலதான் எந்திரிக்குதுன்னுச்சு. மத்த அறைக்கு அந்த உத்தரவாதம் இல்லை, அதுக்குத்தான் குறி போட்டு அனுப்பறாங்க, அந்தக் குறியைத்தான் அண்ணன் அழிச்சுட்டாருன்னுச்சு. முதலாளி, சரிம்மா, குறி எங்க இருந்துச்சுன்னு காட்டுன்னாரு. செத்த பெட்டி இருவதைத் தொறந்து பாத்தோம். ஒண்ணுலயும் குறி இல்லை. இருக்காதுல்லீங்க, நான்தான் சுத்தம் பண்ணிட்டனே. ஸ்டோர்ல இருக்கற புதுச் சிப்பு ஒண்ணு குடுங்க சார், அதுல காட்டறேன்னுச்சு. ஸ்டோர்ல இருந்தது எல்லாமே என் கை பட்டது. அதுலயும் பூஜ்யம். அடுத்த லோடு வர ரெண்டு மாசம் ஆகும்னாங்க. அது வரைக்கும் யாரு காத்திருக்கறது? பால் சொசைட்டிக்காரங்க வாசல்ல நிக்கறாங்க.

அந்தப் புள்ள என்னையே பாத்துச்சுங்க. நான் ரிப்போர்ட்டைப் புரட்டிட்டு உக்காந்திருந்தேன்.

முதலாளி ஒரு வெள்ளைப் பேப்பரை நீட்டி, உனக்குத் தெரிஞ்சதை எழுதிக் குடு கிட்டுசாமின்னாரு. எழுதினேன். ஒரு பக்கம். என் கையெழுத்து நல்லாருக்கும்.

அன்னைக்கே அந்தப் புள்ளையை நின்னுக்கச் சொல்லிட்டாங்க. டிபன் பாக்ஸைப் பையில வெச்சுக்கிட்டு என் பெஞ்சுக்கு வந்துச்சு. சண்டை போடப் போகுதுன்னு எந்திரிச்சு நின்னேன். “உங்களுக்குத் தெரியாமத்தான் பண்ணினீங்ணா. அதனால உங்க மேல எனக்குக் கோவம் இல்லை”ன்னு சொல்லிட்டுப் போயிருச்சு. எனக்குத் தெரியாதாம். இருவது வருசம் சார்.

காங்கேயம் வந்தாச்சுங்களா? பத்து நிமிசம் நிப்பாட்டுவான். எறங்க வேண்டாம், எடத்தைப் புடிச்சுருவாங்க. தண்ணி வேணும்னா என்கிட்ட இருக்குது.

அந்தப் புள்ள போனதும் பெங்களூர்ல இருந்து ஒரு ஆளைக் கூப்பிட்டுப் பைல் சிஸ்டத்தைப் புதுசாப் பண்ணச் சொன்னோம். நல்லாத்தான் பண்ணினாரு. நான்தான் ஏத்தினேன். ஐப்பசி வரைக்கும் ஓடுச்சு. அப்புறம் அதுவும் ஒவ்வொண்ணா நின்னுச்சு. பழைய பைலைப் பாத்து இந்தாளும் அதே தப்பைப் பண்ணியிருப்பாருன்னு நினைச்சேன். வேற என்ன நினைக்கச் சொல்றீங்க? ஒரு வருசமா வாரம் மூணு நாள் நான் பஸ்லதான் இருக்கறேன் சார். ஊர் ஊராப் போறேன், பெட்டியைக் கழட்டறேன், வேற மாட்டறேன், பேச்சு வாங்கறேன். மாட்டினது நாலஞ்சு மாசத்துல நிக்குது, மறுபடியும் போறேன். ரத்தக் கொதிப்பு வந்துருச்சு. ராத்திரி சாப்பிட்டதும் மாத்திரை. எங்கூட்டம்மா கேக்கறா, மத்தவிங்க பண்ணின தப்புக்கு நீங்க எதுக்கு இப்படி அலையறீங்கன்னு.

இதுல ஒரு விசயம் சொல்லாம விட்டுட்டனுங்க. வேணும்னு விடலை, இப்பத்தான் அந்த எடத்துக்கு வர்றேன்.

அந்தப் புள்ள இருந்தப்ப, ஒரு தை மாசம் எனக்கு அம்மை போட்டுருச்சு. பதினோரு நாள் வேப்பிலையில படுத்துட்டேன். அந்த நேரத்துல ஒரு லோடு சிப்பு வந்திருக்குது. அவசரமா நாப்பது பெட்டி அனுப்ப வேண்டியிருந்துச்சு. நான் இல்லைங்கவும் அந்தப் புள்ளயே என் பெஞ்சுல உக்காந்து ஏத்தி அனுப்பிருச்சு. ஸ்கரப் பண்ணலை. சாதாரணமா அழிச்சு, குறி இருக்கற அறையை விட்டுட்டு எழுதியிருக்குது. நான் வந்து ரிப்போர்ட்டைப் பாக்கறேன், கெட்ட அறை ஆறு, அஞ்சு, எட்டு. என் பூஜ்யத்துக்கு நடுவுல நாப்பது வரி அசிங்கமா நிக்குது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பெட்டியெல்லாம் லாரி ஏறிப் போயாச்சு. மிச்சச் சிப்பை உடனே சுத்தம் பண்ணினேன், ரிப்போர்ட்ல அந்த நாப்பது வரியையும் அழிச்சுட்டேன். அந்த நாப்பதும் எந்தெந்த ஊருக்குப் போச்சுன்னு எழுதி என் பர்ஸ்ல வெச்சுக்கிட்டேன். எப்படியும் அதுதான் முதல்ல கெட்டுத் திரும்பி வரும், வந்தா முதலாளிகிட்டக் காட்டலாம்னு இருந்தேன்.

வரலைங்க.

ஒண்ணு கூட வரலை. பதினாலு மாசம் ஆச்சு. மூவாயிரம் பெட்டி நான் எழுதினது, அதுல நூத்துக்கணக்குல போயிட்டுப் போயிட்டு வருது. அந்த நாப்பதுல ஒண்ணு கூட வரலை. நல்ல ராசியான லோடுன்னு நினைச்சேன்.

நிறுத்தின அன்னைக்கே அந்தப் புள்ள இந்த நாப்பதைப் பத்திச் சொன்னுச்சு, ஓடற பெட்டியைக் கழட்ட முதலாளி ஒத்துக்கலை. போன வாரம் மறுபடியும் முதலாளிக்குப் போன் போட்டிருக்குது. சார், அந்த நாப்பதுல ஒண்ணே ஒண்ணைக் கழட்டிட்டு வரச் சொல்லுங்க, அதுல குறி இருக்கும், அதுவும் இத்தனை மாசமாக் கெடாம ஓடிட்டிருக்கும், அதைப் பாத்தா உங்களுக்கே புரியும், எனக்கு வேற சாட்சி இல்லைன்னு சொல்லியிருக்குது. முதலாளிக்கும் சொசைட்டிக்காரங்க பேச்சுக் கேட்டு அலுத்துப்போச்சு. என்னைக் கூப்பிட்டு, போய் ஒண்ணு எடுத்துட்டு வா கிட்டுசாமி, திங்கக்கிழமை எல்லாருமா உக்காந்து பாக்கலாம், குறி இருந்தா உன் பேப்பரைக் கிழிச்சுப் போட்டுட்டு லெட்டரைக் குடுத்தர்றேன், இல்லைன்னா அந்தப் புள்ள பேச்சை இத்தோட விட்டர்றேன்னாரு. நான் மாட்டேங்கலை. நியாயம்னா நியாயம்தானே. அதுக்குத்தான் இன்னைக்கு வெள்ளகோவில் பக்கம் ஒரு சொசைட்டிக்குப் போயிட்டு வர்றேன்.

அங்க செகரட்டரி ஒரு அம்மாங்க, ருக்மணின்னு. தகரக் கொட்டாய். உள்ள போனா அனல் அடிக்குது. அந்தக் கொட்டாயில செவுத்துல அந்தப் பெட்டி ஓடிட்டிருக்குது. பாலு நாலு டிகிரி. நல்லா ஓடற பெட்டியை எதுக்குங்க கழட்டறீங்கன்னு அந்தம்மா கேக்கறாங்க. இந்தத் தொட்டி ஒரு நாள் கெட்டதில்லைங்க, ஒரு லிட்டர் வீணாப் போனதில்லைங்க, வேண்டாம் விடுங்கங்கறாங்க. நான் புதுப் பெட்டி கொண்டு போயிருந்தேன், என் கையால சுத்தம் பண்ணினது. இதை விட அது நல்லதும்மான்னு சொல்லி மாட்டிட்டு இதைக் கழட்டிக்கிட்டேன். அந்தம்மாவுக்கு மனசே இல்லை.

மேசை ஒண்ணு காலியா இருந்துச்சு. லேப்டாப்பை எடுத்து ஒயரை மாட்டினேன். கொண்டு போறதுக்கு முன்னாடி நானும் ஒரு தடவை பாக்கணுமில்லீங்க? பாத்தேன். குறி ஏழு இருந்துச்சு. அந்தப் புள்ள சொன்னாப்பலயே ஏழு அறையிலயும் ஒரு எழுத்து இல்லை. சுத்தியிருக்கற அறையில எல்லாம் எழுதியிருக்குது, இந்த ஏழை மட்டும் விட்டுட்டுப் போயிருக்குது. பதினாலு மாசம், அந்த அனல்ல.

லேப்டாப்பை என் பக்கமாத் திருப்பிக்கிட்டேன் சார்.

ஸ்கரப்னு அடிச்சேன். எதுக்குன்னு அப்பக் கேட்டிருந்தா, அழுக்குச் சிப்பை முதலாளி மேசையில எப்படி வெக்கறதுன்னு சொல்லியிருப்பேன். பேக்டரியில அடிச்சா நேராப் போயிரும், அங்க மிஷினு எதுவும் கேக்காத மாதிரி ஆரம்பத்துலயே பண்ணி வெச்சுட்டேன். லேப்டாப்புல அப்படி இல்லை. ஒரு கேள்வி வந்து நிக்குது. சிப்பு பண்றவிங்க போட்ட கெட்ட அறைக் குறியெல்லாம் இதுல அழிஞ்சு போகும், அழிஞ்சாத் திரும்பக் கொண்டு வர வழியில்லை, என்ன பண்றோம்னு நிச்சயமாத் தெரிஞ்சவங்க மட்டும் பண்ணுங்க, பண்ணலாமா வேண்டாமா. இதான் கேள்வி. இந்தத் தடவை முழுசாப் படிச்சேன். ரெண்டு தடவை படிச்சேன். அந்தப் புள்ள எல்லாரு முன்னாடியும் நின்னு சொன்னுச்சே, அதேதான் சார்.

வேண்டாம்னு அடிச்சாப் போதும். பெட்டியைப் பையில போட்டுக்கிட்டு வந்திருக்கலாம். அந்தப் புள்ளைக்கு வேலை கெடைச்சிருக்கும். ருக்மணியம்மா காப்பி கொண்டாந்து வெச்சாங்க, அது ஆடை கட்டிருச்சு.

மூவாயிரம் பெட்டிக்குப் பண்ணலாம்னு சொன்னவன் சார் நானு. இந்த ஒண்ணுக்கு வேண்டாம்னு சொன்னா, அந்த மூவாயிரத்துக்கும் நான் என்ன பதில் சொல்றது? சாக்கடையில ஊத்தின பாலுக்கு? முதலாளி தோளைத் தட்டினதுக்கு? என் கையால எழுதிக் குடுத்த பேப்பருக்கு? அந்தப் புள்ளைக்கு முப்பத்தி மூணு வயசு, படிச்ச புள்ள, எங்கேயும் பொழைச்சுக்கும். எனக்கு அம்பது ஆகப் போகுது. எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு பெஞ்சுதான்.

பண்ணலாம்னு அடிச்சேன். ரெண்டு நிமிசம் கூட ஆகலை. பூட் இமேஜையும் பைல் சிஸ்டத்தையும் மறுபடியும் ஏத்தினேன், பாஸ் வந்துச்சு. இதோ பையில இருக்குது. கெட்ட அறை பூஜ்யம்.

போட்டோவா? எடுக்கலைங்க. அதையெல்லாம் யாராச்சும் போட்டோ எடுப்பாங்களா?

தெரியுதுங்க. இன்னும் முப்பத்தொம்பது இருக்குதுன்னுதானே சொல்ல வர்றீங்க? இருக்குது. எந்தெந்த ஊருன்னு அந்தப் புள்ளைக்குத் தெரியாது, அந்தச் சீட்டு என் பர்ஸ்ல இருக்குது. நாளைக்குக் காலையில தாராபுரம், ஞாயித்துக்கிழமை உடுமலை. மிச்சத்தை ஒவ்வொண்ணாப் பாத்துக்கலாம். லேப்டாப்பையும் எடுத்துக்கிட்டுத்தான் போறேன். பஸ் ஏறினதும் முதல் வேலையா அதுலயும் அந்தக் கேள்வி வராத மாதிரி பண்ணிட்டனுங்க.